மொட்டைக் குருவி

சித்த அந்த ஹெட்செட்டைக் கழட்டுங்க தம்பி. தாராபுரம் போய்ச் சேர இன்னும் எவ்வளவோ நேரங்கெடக்குது, பாட்டு எங்கயும் ஓடிப் போயிராது. அதா, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டுல, ஜன்னலோரம் பச்சைச் சேலை கட்டிட்டு ஒரு அம்மா உக்காந்திருக்குதுங்களே, அது நம்ம சம்சாரந்தானுங்க. பேரு சாரதாமணி. சிங்காநல்லூர்ல ரெண்டு பேரும் ஒட்டுக்காத்தான் ஏறுனோம். இங்க என்ற பக்கத்துலயே எடம் இருந்துச்சு, நீங்க உக்காந்திருக்கறீங்களே, இதே எடம். வேண்டாம்னுட்டா. வெளிய பாக்கோணுமாமா. வெளிய என்னங்க இருக்குது? சோளக்காடும், கரண்டு எடுக்கற காத்தாடியும். அவளுக்கு அதுக்குள்ள குருவி வேணும்.

குருவி பாக்கற கூட்டம்னு ஒண்ணு இருக்குதுங்க. கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லையா? புண்ணியம் பண்ணுனவரு. ஞாயித்துக்கெழமை வெடியால, ஊரே தூங்கிட்டு இருக்கறப்ப, குளத்துக் கரையில போயி நிப்பாங்க. கழுத்துல ஒரு பைனாகுலரு, தலையில தொப்பி, உடுப்பெல்லாம் சாணிக் கலரு. நாலு பேரு ஒரு மரத்தைப் பாத்துட்டு வாயைப் பொளந்துட்டு நிப்பாங்க. என்னடான்னு நாம போயிப் பாத்தா, கொக்குங்க. கொக்கு! நம்ம வயக்காட்டுல ஏர் ஓட்டறப்பப் பின்னாலயே வருமே, அதே கொக்கு. அதுக்கு ஒரு இங்கிலீஷ் பேரைச் சொல்லி, "ஆஹா"ம்பாங்க.

நான் பம்புசெட்டு யாவாரம் பண்ணுனவனுங்க. காந்திபுரத்துல கடை. இப்ப மாப்பிள்ளை பாத்துக்கறாரு. பேசியே வித்தவன் நான். கெணத்துல தண்ணியே இல்லாத ஆளுக்கும் மோட்டாரு வித்திருக்கறேன். எதுக்குச் சொல்றேன்னா, மனுசனுக்கு வாய்னு ஒண்ணு சாமி குடுத்தது சும்மா இல்லை. இந்தக் குருவிக் கூட்டத்துல வாயைத் தொறந்தாலே குத்தமுங்க. நான் ஒருதரம் அவளைக் கூட்டிட்டு வரலாம்னு குளத்துக்குப் போனேன். "சாரதாமணி, டிபன் ஆறுது"ன்னு கரையில இருந்து ஒரு சத்தம் போட்டனுங்க. அவ்வளவுதான். பத்துப் பேரும் திரும்பி, நான் என்னமோ கோயில்ல செருப்பு போட்டுட்டு நொழைஞ்சவனாட்டப் பாத்தாங்க.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவரு ஒரு பல் டாக்டரு, நடேசன்னு பேரு. நாள் முழுக்க மத்தவங்க வாயைத் தொறக்கச் சொல்றவரு, குளத்துக்கு வந்தா எல்லாரையும் வாயை மூடச் சொல்லுவாரு. அப்புறம் கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை பாக்கற பொண்ணு ஒண்ணு, ஜோஸ்பின். வெளியூருக்கு எங்ககூட வந்தவங்க இன்னும் ரெண்டு பேரு. அவங்க பேரு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாதுங்க. பதினோரு நாளு ஒட்டுக்காப் போயிட்டு வந்தோம், வாயே தொறக்கலை.

எங்க போனோமா? அதைக் கேளுங்க. ஆப்பிரிக்கா. சிரிக்காதீங்க தம்பி. கானான்னு ஒரு நாடு. ரெண்டு விமானம் மாறிப் போகோணும். அதுக்கு முன்னால மஞ்சக் காய்ச்சல் ஊசி வேற. அந்த ஊசி போட்டதுக்கு அத்தாட்சி இல்லைன்னா உள்ளயே விட மாட்டாங்க. எதுக்கு இத்தனையும்? ஒரு குருவியைப் பாக்கறதுக்கு.

அந்தக் குருவி படத்தை எந்தப் புஸ்தகத்துல இருந்தோ வெட்டி, அரிசி டிரம்மு மூடி மேல ஒட்டி வெச்சிருந்தாளுங்க. அஞ்சாறு வருசமா. ஒவ்வொரு நாளும் அரிசி எடுக்கறப்ப அதைப் பாப்பா. அவங்கப்பன் ஊட்டுப் பங்கு கொஞ்சம் கைக்கு வந்துச்சு. மக பேருல போட்டு வெப்பா, இல்லைன்னா ஒரு வளையல் எடுப்பான்னு நெனைச்சேன். "நான் கானா போறனுங்க"ன்னா. கலியாணமாகி இத்தனை வருசத்துல அவ எங்கிட்ட வாய் விட்டு ஒண்ணு கேட்டதில்லைங்க. அப்பவும் கேக்கலை, போறேன்னுதான் சொன்னா.

தனியா அனுப்ப முடியுங்களா? "நானும் வர்றேன்"னுட்டேன். அவ மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு. சந்தோசத்துலதான். பொம்பளைங்களுக்குச் சந்தோசத்தைக் காட்டத் தெரியாது.

அந்தக் குருவி எப்படி இருக்கும்னு சொல்லட்டுங்களா? நாலஞ்சு நாட்டுக் காட்டுல மட்டுந்தான் இருக்குதாமா. சரி, மயிலாட்ட இருக்கும்னு நெனைப்பீங்க. தலையில ஒத்த முடி கெடையாதுங்க. மொட்டை. பழனிக்குப் போயி மொட்டை போட்டு, சந்தனம் பூசிட்டு வந்த தலையாட்ட, மஞ்சளா ஒரு மொட்டை. ரெண்டு பக்கமும் கறுப்பா வட்டம், நீங்க மாட்டியிருந்தீங்களே ஹெட்செட்டு, அதேதான். கழுத்து வெள்ளை. காலு நீளம். பறக்கவும் ஒழுங்காத் தெரியாது, தவளையாட்டக் குதிக்கும். அதுக்கு ஒரு பேரு சொல்றாங்க, என்ற வாயில நொழையலை. நான் மொட்டைக் குருவின்னே சொல்லிப்போட்டேன். டாக்டருக்கு அதுலயே கோவம்.

காடுன்னா நம்ம வால்பாறையாட்ட நெனைச்சுக்காதீங்க. கீழ இருந்து பாத்தா மரத்தோட நுனியே தெரியாது. வேர்வை ஒழுகுது. எறும்பு சாரை சாரையாப் போகுது, தெரியாம மிதிச்சா தொடை வரைக்கும் ஏறிக் கடிக்கும். வழி காட்டறதுக்கு அந்தக் காட்டுப் பக்கத்து ஊருக்காரரு ஒருத்தரு வந்தாரு, க்வாபெனான்னு பேரு. நல்லா சிரிப்பாரு, நான் என்ன சொன்னாலும் சிரிப்பாரு. அப்புறம் வாயில வெரலை வெச்சு "உஷ்"ம்பாரு. நானும் வெச்சுக் காட்டுவேன். அது அவங்க ஊரு வணக்கமோ என்னமோன்னு ரெண்டு நாளு நெனைச்சுட்டு இருந்தனுங்க.

மலை மேல ஏறிப் போனா, கூரையாட்ட முன்னால நீட்டிட்டு நிக்குது ஒரு பெரிய பாறை. அதுக்கு அடியில மண்ணுலயே கூடு கட்டி ஒட்டி வெச்சிருக்குது அந்தக் குருவி. ஊட்டுச் செவுத்துல கொளவி கட்டுமே, அதைப் பெருசாக்குன மாதிரி. முன்னால மூங்கில்ல ஒரு பெஞ்சு. அதுல உக்காரோணும். எப்ப வரைக்கும்? பொழுது சாயறப்ப அது கூட்டுக்கு வர்ற வரைக்கும். பேசக் கூடாது, அசையக் கூடாது, இரும வந்தா முழுங்கிக்கோணும். குருவி சந்தேகப்பட்டுதுன்னா வராதாமா. இதுதான் அங்க முறையாமா. ஊட்டுக்கு வர்ற குருவிக்கே இத்தனை மரியாதை. நான் ஊட்டுக்கு வர்றப்ப டிவி சத்தத்தைக் குறைக்கறதுக்குக்கூட ஒரு ஆளு இல்லை.

உக்காந்தோம். உக்காந்தோம், உக்காந்துட்டே இருந்தோம். என்ற சம்சாரம் எனக்கு இக்கட்ட, அவளுக்கு அக்கட்ட ஜோஸ்பின், அப்புறம் அந்தப் பேரு தெரியாத ரெண்டு பேரு, கடைசியில டாக்டரு. நான் பேசலீங்க. சத்தியமாப் பேசலை. மெதுவா ரெண்டு வார்த்தை, அவ்வளவுதான். பெஞ்சு ஆடுதே, ஆணி அடிக்கலையான்னு கேட்டேன். ஒரு மனுசன் பாதுகாப்புக்குக் கேட்க மாட்டானுங்களா? அப்புறம் கொஞ்சம் சூழ்நிலை இறுக்கமா இருக்குதேன்னு, "மொட்டைத் தலையைப் பாக்க ரெண்டு விமானம் ஏறோணுமா சாரதாமணி, ஊட்லயே ஒண்ணு இருக்குதே"ன்னு என்ற தலையைத் தடவிக் காட்டுனேன். நல்ல நகைச்சுவைதானுங்களே? நீங்க சிரிக்கறீங்க பாருங்க. அங்க ஒருத்தனும் சிரிக்கலை.

பசி எடுத்துச்சு. பையில மிக்சரு வெச்சிருந்தேன், நம்ம ஊரு மிக்சரு, காராபூந்தி தனியாப் போட்டது. நான் மட்டும் திங்கற ஆளு இல்லீங்க. "டாக்டர், எடுத்துக்குங்க"ன்னு நீட்டுனேன். அவரு பாறையவே பாத்துட்டு இருக்கறாரு. இதுல அந்தப் பொண்ணு ஜோஸ்பின் மழைக்கோட்டு ஜிப்பை ஒரு இழு இழுத்துச்சு பாருங்க, காடே அதிர்ந்துச்சு. டாக்டரு ரெண்டு தடவை மூக்கை உறிஞ்சினாரு. அதையெல்லாம் ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. நான் ஒரு மிக்சரைக் கடிச்சதுதான் குத்தம்.

அப்புறம் பாறைக்குப் பக்கத்துல எலை அசைஞ்சுது. மஞ்சளா என்னமோ ஒண்ணு. நான்தானுங்க மொதல்ல பாத்தேன்! பைனாகுலரு இல்லாம, வெறுங் கண்ணுல. என்ற சம்சாரம் வேற பக்கம் பாத்துட்டு இருக்காளோன்னு ஒரு பதைப்பு. அஞ்சாறு வருசமா அரிசி டிரம்முல பாத்தவளாச்சே, விட்டுறக் கூடாதேன்னு, "அதா வந்துருச்சு! சாரதாமணி, அக்கட்ட பாரு!"ன்னு எந்திரிச்சுக் கையை நீட்டுனேன்.

போயிருச்சுங்க.

அது குருவியே இல்லை, அணிலா இருக்கும்ங்கறேன் நான். அவங்க குருவிதான்னு சாதிக்கறாங்க. அப்புறமும் இருட்டற வரைக்கும் உக்காந்திருந்தோம், ஒண்ணும் வரலை. க்வாபெனா முதல் தடவையா சிரிக்காம இருந்தாரு. எறங்கறப்ப ஒருத்தரும் பேசலை, நான் ஒருத்தனாத்தான் பேசிட்டு வந்தேன். சாரதாமணி பின்னால வந்தா. மூஞ்சியச் சேலைத் தலைப்புல தொடைச்சுட்டே வந்தா. அங்க வேர்வை அப்படிங்க.

ரூமுக்கு வந்து நான் எவ்வளவு ஆறுதல் சொன்னேன் தெரியுங்களா? "போச்சாது உடு அம்மிணி, ஒரு மொட்டைக் குருவிக்குப் போயி"ன்னேன். "அதுக்குக் குடுத்து வெக்கலை, நம்மளப் பாக்க"ன்னேன். விடிய விடியச் சொன்னனுங்க. அவ செவுத்தைப் பாத்துப் படுத்துட்டு இருந்தா.

அடுத்த நாளு, "உங்களுக்கு முட்டி வலிக்கும், நீங்க ரூம்லயே இருங்க. நாங்க சந்தைக்குப் போயிட்டு வர்றோம்"னா. முட்டி வலிக்கத்தான் செஞ்சுது. எப்படி அக்கறை பாருங்கன்னு எனக்குப் பூரிச்சுப் போச்சு. அந்த லாட்ஜு நடத்தற அம்மாகூட நான் பொழுதுக்கும் பேசிட்டு இருந்தேன். நல்ல மனுசி. டிவியைப் பாத்துட்டே நான் சொன்னது அத்தனையும் கேட்டுச்சு. நம்ம மோனோபிளாக் மோட்டாரைப் பத்தி அந்த அம்மாவுக்கு இப்ப எல்லாம் தெரியும்.

இவங்க பொழுது சாஞ்சுதான் வந்தாங்க. செருப்பெல்லாம் செஞ்சேறு. அந்த ஊரு சந்தை அந்த லட்சணத்துல இருக்குதுன்னு நெனைச்சுக்கிட்டேன். "என்ன வாங்குனே?"ன்னேன். ஒண்ணும் வாங்கலையாமா! சந்தைக்குப் போயி ஒண்ணும் வாங்காம வந்த பொம்பளையை நீங்க பாத்திருக்கீங்களா? நான் பாத்தேன். அன்னிக்கு ராத்திரி ரெண்டு தடவை சோறு வாங்கித் தின்னா. ஜோஸ்பினும் அவளும் என்னமோ குசுகுசுன்னு பேசிச் சிரிச்சுக்கிட்டாங்க. நான் சொன்ன ஆறுதல் வேலை செஞ்சிருக்குதுன்னு எனக்குப் பெருமைங்க. வர்றப்ப ரெண்டு விமானத்துலயும் அதையே தொடர்ந்து சொல்லிட்டு வந்தேன். அவ கண்ணை மூடிட்டுக் கேட்டுட்டு வந்தா.

இத்தோட முடிஞ்சிருந்தா நான் எதுக்குங்க இதைப் போயி உங்ககிட்டச் சொல்லப் போறேன்? ஹெட்செட்டைக் கீழ வெய்யுங்க, இனிமேத்தான் விசயமே.

போன மாசம் அந்தக் கூட்டத்துக்கு ஒரு மீட்டிங். ஒரு ஸ்கூலு ஹாலுல. கானா போனதைப் பத்திச் சாரதாமணி பேசப் போறாளாமா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நம்ம ஊட்டு விசேசத்துல வந்தவங்களை வாங்கன்னு கூப்பிடறதுக்கே நான்தான் வேணும். இவ மைக்குப் புடிச்சு என்னத்தைப் பேசுவா? பாதியில நின்னுட்டா எடுத்துக் குடுக்கலாம்னு மொத வரிசையில போயி உக்காந்தேன்.

நிக்கலீங்க. பேசுனா. பாறை, கூடு, மூங்கில் பெஞ்சு எல்லாம் சொன்னா. அப்புறம், "மழை தூறி நின்னுது. ஒரு சத்தமும் இல்லை. பக்கத்துல ஒரு கொடி ஆடுச்சு. அது வந்து என்ற முன்னால கல்லு மேல குதிச்சு நின்னுது. தலையைச் சாய்ச்சு என்னையப் பாத்துது. எனக்கு மூச்சு விடறதுக்கே பயமா இருந்துச்சு. அது பயப்படலை. அப்புறம் அதும்பாட்டுக்கு நெஞ்சு எறகைக் கோதிட்டு நின்னுது"ன்னா.

எனக்கு வேர்த்துருச்சு. இந்த வயசுல இப்படிப் புளுகறாளே, நாளைக்கு நம்மளை ஊர்ல என்ன பேசுவாங்க? எந்திரிச்சேன். "ஒரு நிமிசமுங்க. அம்மிணி மறதியாச் சொல்றா. நானும் அங்கதான் இருந்தேன். அது வரலை. வந்தது அணிலு"ன்னேன்.

ஜோஸ்பின் தலையைக் குனிஞ்சுக்கிச்சு. டாக்டருதான் மெதுவா, "சார், அம்மா சொல்றது அடுத்த நாளுங்க"ன்னாரு.

"அடுத்த நாளு சந்தைக்கல்லங்க போனீங்க?"ன்னேன்.

யாரோ பின்னால இருந்து களுக்குன்னு சிரிச்சாங்க. சாரதாமணி என்னையப் பாத்தா. கோவமா இருந்திருந்தா தேவலைங்க. விருந்துக்கு வந்தவங்களுக்கு எடம் காட்டுவமே, அப்படி "உக்காருங்க"ன்னு கையைக் காட்டுனா. உக்காந்தேன். முடிச்சதும் எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் தட்டுனேன். தட்டாம என்னங்க பண்றது?

ஊட்டுக்கு வந்து கேட்டேன். கத்தலை. கேட்டேன், அவ்வளவுதான். "ஆறு மாசமாச்சு. ஒரே ஊட்ல இருக்கறோம், ஒரே சட்டிச் சோறு திங்கறோம். பாத்தேன்னு ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லலையே"ன்னேன்.

அவ அரிசி களைஞ்சுட்டு இருந்தா. திரும்பலை. "சொல்லியிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்க"ன்னா.

"ஆருகிட்ட?"

"எல்லாருகிட்டயும். விமானத்துல பக்கத்து சீட்டுக்காரன்கிட்ட, டாக்சிக்காரன்கிட்ட, சம்பந்தி ஊட்ல. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள அது உங்க குருவி ஆயிருக்கும். மக பொறந்தப்ப, வலி எப்படி இருந்துச்சுன்னுகூட நீங்கதான் எல்லாருக்கும் சொன்னீங்க. இது ஒண்ணு கொஞ்ச நாளைக்கு எங்கிட்ட இருக்கட்டும்னு வெச்சுக்கிட்டனுங்க."

கேட்டீங்களா நாயத்தை? குருவியை வெச்சுக்கறதாமா! அதென்ன நகையா நட்டா, பீரோவுல வெச்சுப் பூட்டறதுக்கு? மனுசனுக்கு மனுசன் நல்லது கெட்டதைச் சொல்றது தப்பா? மக பொறந்த சந்தோசத்தை நான் நாலு பேருகிட்டச் சொல்லாம பின்ன பக்கத்து ஊட்டுக்காரன் சொல்லுவானா? நானென்ன அவ குருவியப் புடுங்கிட்டா ஓடப் போறேன்? நீங்களே சொல்லுங்க. இப்ப உங்ககிட்டச் சொன்னேன், அதனால அந்தக் குருவிக்கு என்ன கொறைஞ்சு போச்சு? நேத்து சலூன்லயும் சொன்னேன். போன வாரம் மாப்பிள்ளை ஊட்ல சொன்னேன். எல்லாரும் என்ற பக்கந்தான் நாயம்ங்கறாங்க.

ஆனா ஒண்ணு தம்பி. அது என்னமோ நெஞ்சுல முள்ளாட்டக் குத்திட்டுத்தான் இருக்குது. ஒளிச்சுட்டாளேங்க. எங்கிட்டருந்து ஒளிச்சுட்டா. நான் என்ன எதிரியா?

இப்ப எதுக்கு வண்டி நிக்குது? ரோட்டு வேலையாட்ட இருக்குது. அங்க பாருங்க, அவ தலை திரும்புது. கரண்டு கம்பியில ஒண்ணு உக்காந்திருக்குது பாருங்க, ரெக்கையில நீலமா. அதைத்தான் பாக்கறா. தோளு ரெண்டும் எப்படி அசையாம நிக்குது பாருங்க. பாறைக்கு முன்னாலயும், அந்த ரெண்டாம் நாளு, இப்படித்தான் உக்காந்திருப்பா. நான் பாக்கலையே அதை.

அது என்ன குருவின்னு எனக்குச் சொல்லுவாளா? மாட்டா. இல்லை, ஒருவேளை அவ வேற எதையோ பாத்துட்டு இருக்காளோ? வயசாச்சு, கண்ணும் முன்ன மாதிரி இல்லை. கண்டுட்டும் நாம சும்மா இருந்தா அது பாவமுங்க. நான் அவளாட்ட ஒளிக்கற ஆளு இல்லை. சித்த இருங்க.

ஏ அம்மிணி! சாரதாமணி! அக்கட்ட கம்பியில பாரு, நீலக் குருவி!

அட, பறந்துருச்சு.

பாத்தீங்களா தம்பி, ஜன்னலை இழுத்துச் சாத்திக்கிட்டா. பஸ்ஸே திரும்பி என்னையப் பாக்குது. அவ ஒருத்திதான் திரும்பலை.